வெளிச்சத்துக்கு வாய்க்கால் வெட்டும் வேலை

வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் இரவு ஏழு மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். தேநீர்க் கடை, சலூன், புடவைக் கடை, கேக் செய்து விற்கும் வீட்டு வாசல், கல்யாண மேடையின் பின்புறம் என்று எங்கும் கையெழுத்துப் போல வளைந்து ஒளிரும் எழுத்துகளைக் காணலாம். சனங்கள் இதை "நியோன் போர்ட்" என்கிறார்கள். அதற்குள் நியோன் என்ற வாயு துளியும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

பழைய நியோன் விளக்கு கண்ணாடிக் குழாயினால் ஆனது. 1898 இல் லண்டனில் வில்லியம் ராம்சே, மொரிஸ் டிராவர்ஸ் என்ற இருவர் அந்த வாயுவைக் கண்டுபிடித்தார்கள். 1910 இல் பாரிஸ் நகரில் ஜோர்ஜ் குளோட் என்பவர் அதைக் குழாயில் அடைத்து விளக்காக எரித்துக் காட்டினார். கண்ணாடியைச் சுவாலையில் காய்ச்சி வளைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான வோல்ற் மின்சாரம் கொடுக்க வேண்டும், கீழே விழுந்தால் நொறுங்கிவிடும். இன்று நாம் பார்ப்பது வேறு பொருள். வரிசையாக எல்.ஈ.டி. விளக்குகள் பதித்த நாடாவைப் பால் நிறச் சிலிக்கனால் மூடி, வெளிச்சம் ஒரே கோடாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அது 12 வோல்றில் எரியும். இரப்பர் மாதிரி வளையும். கத்தரிக்கோலால் வெட்டலாம்.

அந்த நாடாவை எழுத்தின் வடிவில் பிடித்து வைப்பதற்குப் பலகையில் ஒரு வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்காலைக் கணினி சொல்கிறபடி வெட்டுவது சி.என்.சி. மெசின். எமது சிறிய பட்டறையில் ஏழு வருடமாக நான் அந்த மெசினில் நிற்கிறேன். இந்தத் தொழிலைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, மெசினைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது, அதை வாங்கக் கடன் எடுக்கலாமா என்பதையும் எழுத வேண்டும் என்று சொன்னேன். காரணம் பின்னால் வருகிறது.

தையல் தெரிந்தவளுக்கு இது புதிதல்ல

மீள்குடியேறிய காலத்தில் எங்களுக்கு வாழ்வாதார உதவி என்று வந்தவை இரண்டு. ஒன்று தையல் மெசின், மற்றது கோழிக்குஞ்சு. ஒரு குறிச்சியில் இருபது பேருக்குத் தையல் மெசின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது என்று அப்போதே நாங்கள் கேட்டோம். ஆனாலும் அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. சி.என்.சி. மெசினைப் பார்த்துப் பயப்படும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது, இதுவும் தையல் மெசின் போலத்தான் என்பதே. தையலில் ஊசி ஒரே இடத்தில் நின்று குத்த, துணி நகருகிறது. இதில் பலகை அசையாமல் கிடக்க, சுழலும் பிட் நகருகிறது. பேப்பரில் அளவெடுத்து வெட்டுப் படம் கீறுவது போலத்தான் கணினியில் படம் கீறுவது. தையலுக்கு விடும் துணியைப் போல இங்கும் பிட்டின் பருமனுக்கு இடம் விட வேண்டும்.

மெசினுக்குக் கொடுக்கும் கட்டளைகளும் பெரிய மந்திரம் அல்ல. ஜி 0 என்றால் வெட்டாமல் வேகமாக அந்த இடத்துக்குப் போ. ஜி 1 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. ஜி 2, ஜி 3 என்றால் வளைவாக வெட்டு, ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. எம் 3 மோட்டரைச் சுழல வைக்கும், எம் 5 நிறுத்தும். இவற்றை நாங்கள் கையால் எழுதுவதில்லை. படத்தைக் கொடுத்தால் மென்பொருள் எழுதித் தரும். எனினும் வாசித்து விளங்கத் தெரிந்திருப்பது நல்லது. மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது எந்த வரியிலிருந்து தொடங்குவது என்று அப்போதுதான் கண்டுபிடிக்கலாம்.

தமிழ் எழுத்து கேட்கும் இடம்

ஆங்கிலத்தில் ஒரு பெயரை எழுதி வெட்டுவது சுலபம். தமிழ் எழுத்தில்தான் வேலை இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கணினியில் உள்ள எழுத்துருக்கள் எல்லாம் எழுத்தின் வெளி ஓரத்தைக் கொண்டவை. 'ட' என்று தட்டினால் அதன் இரண்டு பக்க ஓரமும் கோடாக வரும். எங்களுக்கு வேண்டியது நடுக்கோடு மட்டும், அதாவது பேனையால் ஒருமுறை இழுத்தது போன்ற கோடு. அதனால் எழுத்துருவை அடியில் வைத்து, அதன் நடுவே நாங்களே மீண்டும் கீற வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். 'ட', 'ப' இரண்டும் நேர்கோடுகள், ஐந்து நிமிட வேலை. 'க' வரும்போது கோடு கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது. நாடாவுக்கு மேல் நாடா ஏற முடியாது. ஆகவே எந்த இடத்தில் துண்டாக்கி, எந்தப் பக்கத்தால் மறுபடி தொடங்குவது என்று தீர்மானிக்க வேண்டும். நல்ல கையெழுத்து உள்ளவள் இதை உடனே பிடித்துக்கொள்வாள். கோலம் போட்டுப் பழகிய கையும் அப்படித்தான்.

மூன்று சுழி 'ண' தான் பலகையின் அளவைத் தீர்மானிக்கிற எழுத்து. 6 மில்லிமீற்றர் அகல நாடாவைச் சின்னச் சுழியாக வளைத்தால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு முறிந்து, அந்த இடத்தில் இருட்டு விழும். வாங்கிய நாடாவை முதலில் விரலிலும் பிறகு ஒரு போத்தல் மூடியிலும் சுற்றிப் பார்த்து, எவ்வளவு வளையும் என்று அறிந்துகொள்ள வேண்டும். நாங்கள் சுழி ஒன்றுக்கு 4 சென்ரிமீற்றருக்குக் குறைய விடுவதில்லை. மூன்று சுழியும் வாலும் சேர்ந்தால் ஒரு 'ண' 14, 15 சென்ரிமீற்றர் அகலம் பிடிக்கும். "அண்ணன் தேநீரகம்" என்று இரண்டு அடிப் பலகையில் கேட்டு வருகிறவரிடம் அது முடியாது என்று படம் கீறிக் காட்டித்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

அடுத்தது புள்ளி. 12 வோல்ற் நாடாவை விரும்பிய இடத்தில் வெட்ட முடியாது. உள்ளே மூன்று விளக்குகள் ஒரு தொடராக இருக்கும். மீற்றருக்கு 120 விளக்கு உள்ள நாடாவில் அந்தத் தொடரின் நீளம் 2.5 சென்ரிமீற்றர். வெட்டுக்குறி உள்ள இடத்தில் அல்லாமல் நடுவில் வெட்டினால் அந்தத் துண்டு எரியாது. ஆகவே மெய்யெழுத்தின் புள்ளியை நாடாவால் உருட்டிச் செய்ய இயலாது. சிலர் புள்ளியையே விட்டுவிடுகிறார்கள். "அம்மன் ஸ்ரோர்ஸ்" என்பதில் ஐந்து புள்ளிகள் உண்டு. அவற்றை விட்டால் "அமமன ஸரோரஸ" என்று எரியும்! தெருவில் இப்படிப் பல பலகைகளைப் பார்த்துவிட்டேன். வெட்டுகிறவருக்கு அது பாரமில்லாமல் இருக்கலாம். பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போகிற தெரு அது. எங்கள் பட்டறையில் புள்ளிக்கு 28 மில்லிமீற்றர் விட்டத்தில் வட்டக் குழி வெட்டி, உறையில்லாத நாடாத் துண்டு ஒன்றை அடியில் ஒட்டி, மேலே பால் நிற அக்ரிலிக் வட்டத்தைப் பதிக்கிறோம். இரவில் பார்த்தால் நெற்றிப் பொட்டு மாதிரி நிற்கும்.

நீளத்திலும் கவனம் வேண்டும். ஒரு கோட்டின் நீளம் 41.3 சென்ரிமீற்றர் என்று மென்பொருள் காட்டினால் அதில் 16 துண்டுகள்தான் அடங்கும், அதாவது 40 சென்ரிமீற்றர். மிச்சம் 1.3 சென்ரிமீற்றர் இருட்டாகக் கிடக்கும். அப்போது எழுத்தின் வாலைச் சிறிது நீட்டி 42.5 ஆக்குவோம், அல்லது சுருக்கி 40 ஆக்குவோம். இந்தக் கணக்கை வெட்டுவதற்கு முன்னர் ஒவ்வொரு கோட்டுக்கும் செய்து முடித்துவிட வேண்டும்.

பலகையும் பிட்டும்

பெரும்பாலும் நாங்கள் பாவிப்பது 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள அக்ரிலிக். அதில் வாய்க்கால் ஆழம் 5 மில்லிமீற்றர். நாடாவின் உயரம் 12 மில்லிமீற்றர் என்பதால் மீதி மேலே தெரியும். அக்ரிலிக்கில் இரண்டு வகை உண்டு. அச்சில் வார்த்தது ஒன்று, உருளையால் தள்ளி எடுத்தது மற்றது. இரண்டாவது விலை குறைவு. ஆனால் வெட்டும்போது சூட்டில் இளகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது வார்ப்பு அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளைக் கடைசிவரை உரிக்க வேண்டாம்.

அக்ரிலிக்குக்கு ஒற்றைப் பல் உள்ள சுருள் பிட் நல்லது. பல் கூடினால் தூள் வெளியேற இடமில்லாமல் சூடேறும். வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சுற்று, பிட்டில் எத்தனை பல், ஒவ்வொரு பல்லும் எவ்வளவு கடிக்க வேண்டும், இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். 18,000 சுற்று, ஒரு பல், 0.1 மில்லிமீற்றர் கடி என்றால் நிமிடத்துக்கு 1,800 மில்லிமீற்றர். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் மெசினை மெதுவாக நகர்த்துவார்கள். அதுதான் கூடாது. துணியை இழுக்காமல் ஊசியை ஒரே இடத்தில் குத்தவிட்டால் என்ன நடக்கும்? அதேதான். பிட் ஒரே இடத்தைத் தேய்த்துச் சூடாக்கி, அக்ரிலிக் உருகிக் கயிறு கயிறாக வரும். சரியான வேகத்தில் தேங்காய்த் துருவல் போலச் சொரியும். சத்தத்தையும் காது பழகிக்கொள்ளும். மெசின் சீராக இரைந்தால் சரி, கீச்சிட்டால் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

5 மில்லிமீற்றரையும் ஒரே இறக்கில் வெட்டுவதில்லை. ஒவ்வொரு மில்லிமீற்றராக ஐந்து தடவை. கடைசியாகப் பக்கச் சுவரை 0.2 மில்லிமீற்றர் அளவுக்குச் சீவிவிட்டால் வாய்க்கால் கண்ணாடி மாதிரி வரும். அகலத்தை நாடாவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்டியில் 6 மில்லிமீற்றர் என்று இருந்தாலும் வேர்ணியரால் அளந்தால் 6.2 வரும், அடுத்த சுருளில் 5.9 வரும். அதனால் புதுச் சுருள் வந்தவுடன் கழிவுத் துண்டு ஒன்றில் 5.9, 6.0, 6.1, 6.2, 6.3 என்று ஐந்து சிறு வாய்க்கால்கள் வெட்டி, எதில் நாடா பெருவிரலால் அமத்தியதும் இறங்கித் தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்கிறதோ அந்த அளவை எடுக்கிறோம். அந்தத் துண்டில் திகதியை எழுதி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். இறுக்கம் சரியாக இருந்தால் பசைச் செலவு பாதியாகிவிடும்.

எழுத்துத் துண்டு ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தில் வயர் பின்பக்கம் போக 4 மில்லிமீற்றர் துளை வேண்டும். வெட்டி முடித்த அக்ரிலிக்கைத் தின்னர், ஸ்பிரிற் எதனாலும் துடைக்கக் கூடாது. வெட்டிய ஓரங்களில் மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

உயிருக்கும் கண்ணுக்கும்

சேலைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், வளையல் எதுவும் மெசின் பக்கம் வரக் கூடாது. நாங்கள் கூந்தலைச் சுருட்டித் தொப்பிக்குள் விட்டு, பழைய ஆண் சேட்டை மேலே போட்டுக்கொள்கிறோம். கண்ணாடி அணியாமல் மெசினைப் போடுவதில்லை. பிட் முறிந்தால் துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. தூளுக்கு மூக்குக் கவசமும் தூசு உறிஞ்சியும் வேண்டும். எறிகணைச் சன்னம் உடம்பில் இருக்கிற, மூச்சுக் கஷ்டம் உள்ள பெண்கள் நம் மத்தியில் பலர். அவர்கள் தூள் பறக்கும் அறையில் இருக்காமல் அடுத்த அறையில் படம் கீறலாம், வயர் பொருத்தலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பி.வி.சி. நுரைப் பலகை மலிவு, மெசினில் நன்றாக வெட்டலாம். அதையே லேசர் வெட்டியில் கொடுக்க வேண்டாம். லேசரின் சூட்டில் பி.வி.சி. எரிந்து நச்சுப் புகையைக் கக்கும். நுரையீரலுக்கும் கேடு, மெசினின் இரும்பையும் அரித்துவிடும்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். பிட் பலகையில் இறங்கும் முதல் இரைச்சல் சிலருக்குப் பழைய நாட்களைக் கொண்டுவந்துவிடும். எங்களோடு சேர்ந்த ஓர் அக்கா முதல் கிழமை முழுவதும் மெசின் போடும் நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் போய் இருப்பா. ஒருவரும் அவவை வற்புறுத்தவில்லை. மெசின் போடுவதற்கு முன் "போடப் போறன்" என்று குரல் கொடுக்கும் வழக்கம் அவவுக்காகத்தான் வந்தது. இப்போது அது எல்லோருக்கும் பாதுகாப்பு விதியாகிவிட்டது.

வயர் வேலை

நாடாத் துண்டுகள் எல்லாவற்றையும் பின்பக்கத்தில் சமாந்தரமாக இணைக்க வேண்டும். நேர் முனையோடு நேர் முனை, மறை முனையோடு மறை முனை. மாறிக் கொடுத்தால் எரியாது. ஈயப் பற்று வைத்த இடத்துக்கு வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு, நுனியைச் சிலிக்கன் பசையால் மூட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். வினாகிரி மணம் வருகிற சிலிக்கனைப் பாவிக்கக் கூடாது. அதிலிருந்து வரும் அமிலம் செப்பை அரித்து, நாட்கள் போக எழுத்து ஒவ்வொன்றாக அணையும். மணமில்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மின்வழங்கியைத் தெரிவு செய்யவும் கணக்கு இருக்கிறது. நாடா மீற்றருக்கு 8 வாற் என்றால் 5 மீற்றருக்கு 40 வாற். வழங்கியை அதன் முழுச் சக்தியில் ஓட்டக் கூடாது, 80 வீதம்தான். 40 ஐ 0.8 ஆல் பிரித்தால் 50. ஆகவே 60 வாற், அதாவது 12 வோல்ற் 5 அம்பியர் வழங்கி எடுக்கிறோம். நாடாப் பக்கம் 12 வோல்ற், கை பட்டாலும் பயமில்லை. வழங்கிக்குள் போவது 230 வோல்ற். அந்தப் பக்க இணைப்பைப் பயிற்சி பெற்ற மின்வேலையாளரிடம் விடுங்கள், அல்லது நீங்களே அந்தப் பயிற்சியைப் பெறுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின், இயந்திரத் தொழில்நுட்பக் கற்கைகள் உண்டு. அங்கே படிக்கப் பெண் பிள்ளைகளும் போகலாம் என்பதைத் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் அனுபவத்தைக் காட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது.

பலகையைக் கொடுப்பதற்கு முன் 24 மணித்தியாலம் எரியவிட்டுப் பார்க்கிறோம். நோய்ப்பட்ட துண்டு இருந்தால் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

மெசினைக் கடனுக்கு வாங்கலாமா?

இப்போது முதலில் சொன்ன விடயத்துக்கு வருகிறேன். எங்களோடு வயர் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி. 2009 இல் ஒரு காலை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். வேலை நன்றாகப் பிடிபட்டதும் தானே ஒரு மெசின் வாங்கப் போவதாகச் சொன்னாள். நுண்கடன் கொடுக்கும் ஓர் இடத்தில் பேசியும்விட்டாள். நுண்கடன் எங்கள் ஊர்களில் செய்த வேலையை நான் விளக்கத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றதும், கட்ட முடியாமல் பெண்கள் உயிரை மாய்த்ததும் உங்களுக்குத் தெரியும். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்க வேண்டும்!

நானும் அவளும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு இருந்தோம்.

"அக்கா, மெசின் இருந்தால் எல்லாக் காசும் எனக்குத்தானே?" என்றாள்.

"முதல்ல மெசினுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை இருக்கெண்டு பாப்பம், பிள்ளை" என்றேன்.

5 மீற்றர் நாடா போகும் ஒரு பலகையை எடுத்துக்கொண்டோம். வாய்க்காலின் இரண்டு பக்கமும், ஐந்து தடவை. 5 ஐ 2 ஆலும் 5 ஆலும் பெருக்க 50 மீற்றர். பலகையைச் சுற்றி வெட்ட ஏறக்குறைய 19 மீற்றர். நிமிடத்துக்கு 1.8 மீற்றர் ஓடினால் 40 நிமிடத்துக்குள் முடியும். துளை, குழி, பிட் மாற்றுவது எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலம் வைப்போம். படம் கீற மூன்று மணித்தியாலம். நாடா பதித்து, ஈயம் பற்றி, மூடி, சரிபார்க்க ஆறு மணித்தியாலம். ஆக ஒரு பலகையின் பத்து மணித்தியால வேலையில் மெசினுக்கு உரியது ஒன்று. மற்ற ஒன்பதும் கையும் கண்ணும்.

மாதம் எட்டுப் பலகை கிடைத்தால் மெசின் எட்டு மணித்தியாலம் ஓடும். மிச்ச நாளெல்லாம் சும்மா நிற்கும். கடன் தவணை மட்டும் சும்மா நிற்காது. மேசையில் வைக்கும் சின்ன மெசின்கள் மலிவாக வருகின்றன, ஆனால் அவற்றின் வெட்டுப் பரப்பு ஒரு அப்பியாசக் கொப்பியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கடைப் பலகை வெட்ட முடியாது. நான்கு அடிக்கு எட்டு அடித் தாளை முழுதாகப் போடக்கூடிய மெசினுக்குக் கொட்டில் வேண்டும், தனி மின் இணைப்பு வேண்டும்.

பொருளின் விலையை இங்கே நான் வேண்டுமென்றே எழுதவில்லை. நாடா, அக்ரிலிக், பிட் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. அந்த மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் இருந்தது. மெசின் பாதி எழுத்தில் நின்றுவிடும், மின்சாரம் திரும்பும்போது தான் எங்கே நின்றோம் என்பது அதற்கு மறந்துபோகும். பலகையின் மூலையில் தொடக்கப் புள்ளியாகச் சிறு துளை போட்டு வைத்திருந்ததால் நாங்கள் மீண்டும் அதே இடத்தில் பிட்டை இறக்கிக்கொண்டோம். ஆனால் கடன் எடுத்து மெசின் வாங்கியவர்கள் அந்த மாதங்களில் எதைக் கொண்டு தவணை கட்டியிருப்பார்கள்?

கொப்பியை மூடியபோது தங்கச்சி வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த ஒன்பது மணித்தியாலத்தை நான் எடுக்கிறன், ஒண்டை நீங்கள் வெட்டித் தாங்கோ" என்றாள். அந்த ஏற்பாடுதான் இன்றுவரை நடக்கிறது. ஒரு பாவித்த மடிக்கணினி, ஈயம் பற்றும் கோல், மல்ரிமீற்றர், வேர்ணியர், இவ்வளவும்தான் அவள் வாங்கியது. சீட்டுக் காசில் வாங்கினாள். வெட்டுக்கூலியை எங்களுக்குத் தருகிறாள். நாங்கள் பிழையாக வெட்டினால் பலகை எங்கள் செலவு, அவள் பிழையாகக் கீறினால் அவள் செலவு என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். மேசையில் இருந்தபடி செய்யும் வேலை என்பதால் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஆறுதலாகச் செய்வாள். அவள் வைக்கும் ஈயப் பற்று மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். எங்களில் ஒருவருக்கும் அப்படி வராது.

முற்பணம் பற்றி ஒரு சொல். நகரிலுள்ள ஒரு கடைக்காரர் திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னர் வந்து, இரவு பகலாகச் செய்வித்து, பலகையை மாட்டிய பிறகு "கிழமை முடிய வாங்கோ" என்றார். அந்தக் கிழமை முடிய ஐந்து மாதம் எடுத்தது. கணவன் இல்லாத பெண்கள் என்றால் அலையவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு படத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்கி, பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே பலகையை மெசினில் ஏற்றுகிறோம். மீதிப் பணம் பட்டறையில் எரித்துக் காட்டும்போது. கடையில் மாட்டுவது அதற்குப் பிறகுதான். வீதிப் பக்கமாக மாட்டும் பலகைக்குப் பிரதேச சபையில் அனுமதியும் கட்டணமும் இருக்கும் என்பதைக் கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் எங்கள் தலையில் வந்து விழும்.

இன்னும் சிலர் பட்டறைக்குள் வந்து ஆணைத் தேடுவார்கள். போன ஆவணியில் வந்த ஒரு சலூன்கார அண்ணன் பலகையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நல்ல வடிவா வெட்டியிருக்கு. ஆர் தங்கச்சி, தம்பியோ வெட்டினது?"

"நான்தான் அண்ணை."

"பொம்பிளைப் பிள்ளையள் உந்த மெசினில நிக்கிறதோ?"

"எழுத்துப் பிழை இருக்கோ எண்டு பாருங்கோ அண்ணை, பிறகு கதைப்பம்."

அவர் வாசித்துப் பார்த்தார். பிழை இல்லை. அடுத்த மாதம் தன் மைத்துனரின் பேக்கரிக்கும் ஒன்று வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். பெயரில் 'ண' இரண்டு, புள்ளிகள் ஏழு. படத்தைத் தங்கச்சி கீறி முடித்துவிட்டாள். நாளைக் காலை மின்சாரம் நிற்காவிட்டால் பத்து மணிக்குள் வெட்டிவிடுவேன்.